விவிலியமும் உரைவழிக் கல்வியும்

நூலைக் கற்பதற்கு உரை வேண்டும் என்பதைத் தமிழர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒன்றற்கே இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என ஐவர் எழுதிய உரைகள் நமக்குக் கிடைத்துள்ளன. திருக்குறளுக்கு உரை கண்ட பழையோர் பதின்மர் என்பது மரபு. சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களைச் சிவஞான முனிவரின் மாபாடியத் துணையின்றிக் கற்று முடித்தேன் என்பான் ஒருவனைக் கற்றோர் அவை மதியாது. ஆயின், பிற சமயத்தார் மறைநூல் ஒன்றைக் கையில் எடுக்கும்பொழுது மாத்திரம் நாம் இந்நெறியை மறந்துவிடுகின்றோம். விவிலியத்தை எவரும் எங்கும் திறந்து, கண்ணிற்பட்ட வாக்கியத்துக்குத் தம் மனத்திற்பட்ட பொருளைக் கூறலாம் என்னும் எண்ணம் நம்மிடையே பரவியிருக்கின்றது. அந்நூலைப் போற்றும் கிறித்தவரிற் பலரும் இதற்கு விலக்கல்லர்.

ஊவா மாகாணத்தில் வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் குறையன்று. பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் கிறித்தவ ஆலயமும் ஒரே மலைச்சரிவில் நிற்கின்றன. ஒரே குடும்பத்தில் மூத்தோர் கோயிலுக்கும் இளையோர் ஜெபக்கூடத்துக்கும் செல்வதைக் காண்கின்றோம். நம் பாடசாலைகளிலோ சமயபாட வேளை வந்ததும் வகுப்புப் பிரிகின்றது. சைவப் பிள்ளைகள் ஓர் அறையிலும் கிறித்தவப் பிள்ளைகள் மற்றோர் அறையிலும் அமர்கின்றனர். அவரவர் சமயத்தை அவரவர் கற்பதற்கு இவ்வேற்பாடு தக்கதே. ஆனால் ஒருவர் நூலை மற்றவர் முறையாக அறிவதற்கு வேறு வேளை எதுவும் இல்லாமையால், இரு சாராரிடையேயும் போக்குவரவு செய்வன அரை வாக்கியங்களே. அவை பெரும்பாலும் லயத்து வாசலில் எழும் பூசலின்போதே வந்து சேர்கின்றன.

அத்தகைய இரண்டினை இங்குக் கூறலாம். பஞ்சாக்கரத்தை உருவேற்றும் சைவனை நோக்கி, சொன்னதையே சொல்லிப் பிரார்த்தித்தல் ஆகாது என இயேசு விலக்கியுள்ளார் என்று கிறித்தவ நண்பன் கூறுவான். அதற்கு விடையாக, சமாதானத்தை அன்று, வாளையே கொண்டு வந்தேன் என்னும் கருத்தில் அவரே பேசியிருக்கிறாரே எனச் சைவன் கேட்பான். முன்னது மத்தேயு 6-ஆம் அதிகாரத்திலும் பின்னது 10-ஆம் அதிகாரத்திலும் உள்ளன. பின்னதை விரைவில் தெளியலாம். அவ்விடத்தை அடுத்து வரும் சொற்கள், வீட்டாருள் ஒருவர்க்கொருவர் பகையாவதைப் பாடிய மீகா என்னும் பழைய இறைவாக்கினரின் 7-ஆம் அதிகாரத்தைத் தழுவியவை. அதே கூற்றைத் தரும் லூக்கா நற்செய்தியில் வாள் என்பதற்குப் பதிலாகப் பிரிவினை என்னும் சொல்லே காணப்படுகின்றது. ஆதலால் ஈண்டுப் பேசப்படுவது போர்வாள் அன்று; புதுநெறியை ஏற்றவன் தன் இல்லத்திலேயே எய்தும் பிரிவு. இவ்விரண்டு குறிப்புகளையும் எந்த நல்ல உரைநூலும் அவ்விடத்திலேயே தரும். முன்னது இத்துணை எளிதன்று. அதனைப் பின்னர் விரிவாக நோக்குவாம்.

பிற சமய நூலைச் சைவன் உரையோடு கற்கலாமா என ஐயுறுவோர்க்கு நம் மரபே விடை கூறும். சீவகசிந்தாமணி சமண காவியம். அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரோ சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால் அச்சமய நூல்களைப் பயின்று மீண்டும் எழுதினார் என்று வழிவழிச் செய்தி ஒன்று உண்டு. அது நிகழ்ந்ததோ இல்லையோ, அதனைச் சொல்லிவந்தோர் உரையாசிரியனிடம் எதை எதிர்பார்த்தனர் என்பது அதனால் விளங்கும். பிற்காலத்தில் உ. வே. சாமிநாதையர் அக்காவியத்தைப் பதிப்பிக்க முற்பட்டபோது, விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். 1887-ஆம் ஆண்டிற் பதிப்பு வெளிவந்தது. உரையை வைத்துக்கொள்ளுதல், அந்நூலைப் போற்றுவோரிடம் வினாவுதல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அவர் கற்ற முறை.

விவிலியத்தைப் பொறுத்தவரை நமக்கு முன்னோடி ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்றுப் பின் அங்கேயே ஆசிரியரான அவர், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850-ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சாயிற்று. தமிழ்நாட்டு மிஷனரிமார் அதனைப் பொதுவழக்காக ஏற்கவில்லை. பவர் என்பார் தலைமையில் நிகழ்ந்த வேறொரு திருத்தமே 1871-இல் நிறைவுற்று, இன்றளவும் சீர்திருத்த சபையார் பலர் கையிலுள்ள பழைய விவிலியமாய் நிலைபெற்றது. ஆயினும் நாவலர் அப்பணியிற் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. 1854-இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்தோர்க்கு விடையாக, ஆலயம், விளக்கு, தூபம், நிவேதனம், தீட்டு முதலியன பழைய ஏற்பாட்டிலும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக் காட்டுகிறார். லேவியராகமம் போன்ற, கிறித்தவரே அரிதிற் படிக்கும் பகுதிகளை முறையாகக் கற்றவர்க்கே அவ்வாதம் கைவரும். அது கண்டனத்தின் பொருட்டு எழுந்த கல்வி என்பது உண்மை. அக்காலத்து நெருக்கடி அத்தகையது.

கண்டனம் வேண்டாது உரையே எழுத முற்பட்ட சைவர் ஒருவரும் நம் நாட்டில் இருந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அரசியலிற் பெற்ற புகழினால் அவருடைய இப்பணி மறைந்து கிடக்கின்றது. மத்தேயு நற்செய்திக்கு அவர் அளித்த விளக்கம் 1898-ஆம் ஆண்டிலும், யோவான் நற்செய்திக்கு அளித்த விளக்கம் 1902-ஆம் ஆண்டிலும், ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரில், ஆங்கிலத்தில் இலண்டனில் வெளிவந்தன. தஞ்சையிலே தமக்கு ஞானநெறி காட்டிய அருள்பரானந்த சுவாமிகளின் பெயரை நினைவூட்டுவது அப்புனைபெயர். சொலிசிற்றர் ஜெனரலாகப் பதவி வகித்த ஓர் இலங்கைத் தமிழர், ஆங்கிலேயர் மறைநூலுக்கு ஆங்கிலேயர் தலைநகரில் உரை வெளியிட்டார் என்பது சிறிய செய்தியன்று. மறைநூலின் உட்பொருள் ஆன்ம அனுபவம் உடையார்க்கே புலப்படும் என்பது அவர் கொண்ட அடிப்படை. ஆகவே இயேசுவின் சொற்களை நம் ஞானசாத்திரங்களின் ஒளியில் வைத்து அவர் விளக்கிச் செல்கின்றார்.

இராமநாதன் உரையைப் பெருமதிப்புடன் கற்கவேண்டும். அதனை மாத்திரம் கற்பது போதாது என்பது என் கருத்து. ஒரு ஞானி இச்சொற்களில் என்ன பொருளைக் காண்பான் என்பதே அவர் எழுப்பும் வினா. முதலிற் கேட்ட கலிலேயா நாட்டு மீனவனும் உழவனும் இச்சொற்களை எவ்வாறு உணர்ந்தனர் என்னும் வினா அவரை அத்துணை ஈர்க்கவில்லை. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஒரிகன் என்னும் கிறித்தவப் பேரறிஞரும் உட்பொருளையே பெரிதும் நாடியவர்; ஆனால் அவரே பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு நிரல்களாக அருகருகே எழுதி ஒப்பிட்டவரும் ஆவார். சொல்லைத் தெளிந்த பின்னரே உட்பொருளுக்குச் செல்லவேண்டும் என்னும் ஒழுங்கை அவ்வுழைப்பிற் காணலாம். பரிமேலழகரும் சொன்முடிபு காட்டிய பின்னரே கருத்துரைப்பார்.

இக்காலத்துப் புலமையுரைகள் செய்வதும் இதுவே. மூலபாடத்தை நிறுவுதல் அவற்றின் முதற்பணி. பழைய ஏடுகளிடையே பாடபேதம் உண்டு. எடுத்துக்காட்டாக, மாற்கு நற்செய்தியின் இறுதிப் 12 வசனங்கள், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. விசுவாசிகள் பாம்புகளைக் கையில் எடுப்பர், நஞ்சும் அவர்களுக்குத் தீங்கு செய்யாது என்னும் செய்தி வரும் இடம் இதுவே. அதனை நம்பிப் பாம்பைக் கையாளுவோர் அமெரிக்க மலைநாட்டில் உளர். அதனால் இறந்தோரும் உளர். பாடபேத ஆராய்ச்சி பண்டிதர்க்கு மாத்திரம் உரிய பொழுதுபோக்கு என எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் இத்தகைய ஆராய்ச்சியை ஐயக்கண்ணோடு நோக்கியது. 1943-ஆம் ஆண்டிற் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடலே மூலமொழிகளைக் கொண்டு ஆராய்வதற்கு வாயிலை அகலத் திறந்தது.

இனி, ஒதுக்கி வைத்த மத்தேயு 6-ஆம் அதிகாரத்து 7-ஆம் வசனத்தை நோக்குவாம். பிரார்த்திக்கும்போது வீண்சொற்களைப் பெருக்குதல் வேண்டா, அவ்வாறு செய்வோர் சொற்பெருக்கத்தால் தம் வேண்டுதல் கேட்கப்படும் என நினைக்கின்றனர் என்பது அதன் கருத்து. பழைய தமிழ் விவிலியத்தில் அவ்வாறு செய்வோர் 'அஞ்ஞானிகள்' எனக் குறிக்கப்பட்டுள்ளனர். தோட்டத்துச் சைவன் செவியில் இச்சொல் என்னவாக விழும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை. தான் அறிவிலி எனப்பட்டதாகவே அவன் கொள்கின்றான். சொல்லும் நண்பனும் பெரும்பாலும் அவ்வாறே கொள்கின்றான். உரைநூலைத் திறந்தால், கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'எத்னிகொய்' என்பதாகத் தெரியவரும். 'எத்னொஸ்' என்றால் இனம். ஆகவே யூதரல்லாத பிற இனத்தவர் என்பதே பொருள். அறிவு, அறியாமை என்பவற்றுள் எதுவும் அச்சொல்லில் இல்லை. அதே வேரிலிருந்து வரும் சொல்லை வேறிடத்தில் 'புறஜாதியார்' எனப் பழைய மொழிபெயர்ப்பே தந்திருக்கின்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் 'பிற இனத்தவர்' என்னும் சொல் இவ்விடத்தில் வந்துவிட்டது. இன்னொன்றும் கூறலாம். அப்பொருளின்படி நோக்கினால், இன்று ஊவாவில் வாழும் தமிழ்க் கிறித்தவரும் சைவரும் ஒருங்கே 'எத்னிகொய்' ஆவர். இருவரும் யூதரல்லர் அல்லவா? நம் சித்தாந்தமோ அஞ்ஞானத்தை ஓர் இனத்தின்மேல் ஏற்றுவதில்லை. எல்லா உயிரையும் அநாதியே பற்றி நிற்கும் ஆணவத்தின் செயலாகவே அதனைக் கூறும்.

அடுத்தது விலக்கப்பட்ட செயல் யாது என்னும் வினா. அதற்குரிய கிரேக்கச் சொல் 'பட்டலொகெயோ'. புதிய ஏற்பாட்டில் இவ்விடம் தவிர வேறெங்கும் அது வருவதில்லை. பிற கிரேக்க நூல்களிலும் மிக அரிது. திக்குதல், பிதற்றுதல் என்பனவற்றை ஒலியாற் குறிப்பது போலும் என உரைகாரர் கருதுவர். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு வீணாகத் திரும்பத் திரும்பக் கூறுதல் எனக் கொண்டமையாலேயே, மீளச் சொல்லுதல்தான் குற்றம் என்னும் எண்ணம் பரவியது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இட்ட 'அலப்புதல்' என்னும் சொல் மூலத்துக்கு ஆங்கிலத்தினும் நெருங்கியது எனத் துணிந்து கூறுவேன். ஆனால் அவர்கள் பிரார்த்தனைக்கு எடுத்துக்கொண்ட சொல் 'ஜெபம்'. வடமொழி வழக்கில் ஜபம் என்பது மந்திரத்தை மீள மீள உருவேற்றுதலே. எனவே மீளச் சொல்லுதலைக் குறிக்கும் சொல்லாலேயே, மீளச் சொல்லுதலை விலக்குவதாகக் கருதப்படும் வசனம் தமிழில் வழங்கிவந்தது! நம் சமயச் சொற்களைக் கடன்கொண்டு எழுந்த தமிழ்க் கிறித்தவ வழக்கில் இத்தகைய முரண்கள் இன்னும் பல உள.

மீளக் கூறுதல் குற்றமன்று என்பதற்கு விவிலியமே சான்று தருகின்றது. கெத்செமனித் தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே சொற்களைக் கூறிப் பிரார்த்தித்தார் என மத்தேயுவே 26-ஆம் அதிகாரத்தில் எழுதுகின்றார். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் இறைவன் பேரன்பைப் புகழும் ஒரே பல்லவியைக் கொண்டு முடிகின்றன. இவ்வசனத்தை அடுத்து இயேசு கற்பிக்கும் பிரார்த்தனையை நாடோறும் மும்முறை சொல்லும்படி, 'திதாக்கே' என்னும் மிகப் பழைய கிறித்தவ நூல் தன் 8-ஆம் பகுதியில் விதிக்கின்றது. பிரார்த்தனையிற் சொற்களை அடுக்காதே என்னும் அறிவுரையும் பிற இனத்தாரை நோக்கிப் புதிதாய் எழுந்ததன்று. சபை உரையாளர் என்னும் நூலின் 5-ஆம் அதிகாரமும், கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞானநூலின் 7-ஆம் அதிகாரமும் அதனையே யூதர்க்குக் கூறியுள்ளன.

அவ்வாறாயின் அவ்வசனம் பிற இனத்தாரை யாதும் குறைகூறவில்லை எனக் கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. கர்மேல் மலையிற் பாகால் என்னும் தெய்வத்தின் பூசகர் காலைமுதல் நண்பகல்வரை கூவியழைத்த கதையையும், எபேசு நகரத்தார் இரண்டு மணிநேரம் ஆர்த்தெமி தேவியின் பெயரை முழங்கியதையும் உரைகாரர் இங்கு நினைவூட்டுவர். தெய்வத்தின் பெயர்களுள் எது உவப்பானதோ என அஞ்சி எல்லாவற்றையும் அடுக்கிக் கூறும் வழக்கமும் கிரேக்க உரோமரிடையே இருந்தது. இவற்றைக் கண்ட யூதனின் ஏளனம் அச்சொற்களில் உண்டு. உரைநூல் கற்பவன் தனக்கு உவப்பானதை மாத்திரம் பொறுக்கிக்கொள்ளல் முறையன்று. எனினும் அந்த ஏளனத்தின் இலக்கு, தெய்வத்தைச் சொல்லால் வற்புறுத்திப் பணிவிக்கலாம் என்னும் நினைப்பு. நமசிவாய என நெஞ்சொன்றி ஓதும் அடியவனை அவ்வசனத்தை உரைத்தவர் கண்டதுமில்லை, அவனைப்பற்றிப் பேசியதுமில்லை.

லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்திலிருந்து இன்னொரு சொல்லைச் சுருங்கக் காட்டுவேன். குழந்தை இயேசு முன்னணையிற் கிடத்தப்பட்டது சத்திரத்தில் இடமில்லாமையால் என்று பழைய மொழிபெயர்ப்புக் கூறும். கிரேக்கத்தில் அங்குள்ள சொல் 'கதலுமா'. அதே சொல்லை லூக்கா 22-ஆம் அதிகாரத்தில், இறுதி இராவுணவுக்குக் கேட்கப்பெற்ற வீட்டு அறைக்கும் வழங்குகின்றார். கூலிக்குத் தங்கும் உண்மையான சத்திரம் நல்ல சமாரியன் கதையில் வருகின்றது. அங்கு அவர் எழுதுவது வேறு சொல். ஆகவே பிறப்புக் கதையில் குறிக்கப்பட்டது உறவினர் வீட்டின் விருந்தறையாதல் கூடும் என உரைகாரர் பலர் கருதுகின்றனர். அந்நாட்டுச் சிற்றூர் வீடுகளில் ஆடுமாடுகள் இரவில் வீட்டின் தாழ்ந்த பகுதியிலேயே கட்டப்பட்டன. தீனித் தொட்டியும் அங்கேயே இருந்தது. கல்நெஞ்சுடைய சத்திரக்காரன் ஒருவன் கதவைச் சாத்திய காட்சி நத்தார் நாடகத்தில் உண்டு, நூலில் இல்லை. நம் மாணவர்க்கு இவ்விளக்கத்தை நெடிது உரைக்க வேண்டாம். 10 அடிக்கு 12 அடியான பழைய லய அறையில், தேர்த்திருவிழாவுக்கு உறவினர் வந்து நிறைந்த இரவில், கைக்குழந்தையை எங்குக் கிடத்துவது எனத் தாய் இடந்தேடுவதை அவர்கள் கண்டிருக்கின்றனர்.

உரையாசிரியர் கூற்றை எல்லாம் தலைமேற் கொள்ளவேண்டும் என்று நான் கூறவில்லை. சேனாவரையர் இளம்பூரணரை மறுப்பதும், சிவஞான முனிவர் முன்னையோரை மறுப்பதும் நாம் அறிந்தவையே. விவிலிய உரைகளிலும் காலத்தின் கறை உண்டு. பரிசேயர் என்னும் யூத வகுப்பாரை வெறும் சடங்குவாதிகளாகவும் வெளிவேடக்காரராகவும் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உரைகாரர் பலர் தீட்டினர். யூதர் தம் நூல்களில் என்ன கூறுகின்றனர் என ஆராய்ந்தவர் சிலரே. 1977-ஆம் ஆண்டில் சாண்டர்ஸ் என்னும் அறிஞர் பவுலையும் பலஸ்தீன யூத சமயத்தையும்பற்றி எழுதிய நூல் அச்சித்திரத்தைப் பெரிதும் மாற்றியது. 2011-இல் யூத அறிஞரே புதிய ஏற்பாடு முழுமைக்கும் குறிப்புரை எழுதி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின்வழி வெளியிட்டனர். அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே நம் இராமநாதன் தம் வழியில் இத்துறையிற் கால்வைத்தார் என்பதை நினைக்கும்போது, அம்முயற்சியைத் தொடர்வார் நம்மிடையே பெருகாமை வருத்தந் தருகின்றது.

பெயரளவிலேனும் ஒரு வரலாற்றுக் குறிப்பை இங்குச் சேர்த்தல் தகும். தோட்டத் தமிழரிடையே சமயப்பணி புரிவதற்கு 1854-ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அங்கிலிக்கன் மிஷன் தன் பெயரிலேயே 'கூலி' என்னும் சொல்லைத் தாங்கி நின்றது. 'அஞ்ஞானி', 'கூலி' என்னும் இரு சொற்களும் ஒரே வாயிலாக நம் மலைகளுக்கு ஏறிவந்தன எனின், விவிலியத்தின்மேல் நம் முன்னோர்க்கு எழுந்த கசப்பு எதனால் என்பது விளங்கும். மிஷனின் பெயர் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. வசனத்திலுள்ள சொல்லோ பழைய மொழிபெயர்ப்பை ஓதும் இடங்களிலெல்லாம் இன்றும் ஒலிக்கின்றது.

பதுளையில் இருந்துகொண்டு இக்கல்வியைத் தொடங்க விரும்பும் மாணவன் பெருநூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 1871-இன் வழிவந்த பழைய விவிலியம் ஒன்றையும் 1995-இன் திருவிவிலியம் ஒன்றையும் அருகருகே வைத்துக்கொண்டு, நற்செய்திகளுட் சிறியதாகிய மாற்குவை 16 அதிகாரங்களும் படிப்பானாக. இரண்டும் வேறுபடும் இடந்தோறும் கரிக்கோலால் அடையாளமிடட்டும். ஆராயத்தக்க இடங்களுட் பல அவற்றுள் அகப்படும். பின்னையதில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் அடிக்குறிப்பும் தமிழிலேயே உண்டு. ஆங்கிலம் வல்லார் 1962-இல் திருத்தி வெளியிட்ட பீக் உரைத்தொகுதியையோ, கத்தோலிக்கர் 1990-இல் வெளியிட்ட புதிய ஜெரோம் உரைத்தொகுதியையோ நாடலாம். இவை நூலகத்தில் அகப்படாதபோது அயலிலுள்ள போதகரிடமோ குருவானவரிடமோ கேட்பதில் இழுக்கில்லை. பிலிமத்தலாவையில் 1963 முதல் தமிழிலும் சிங்களத்திலும் இறையியல் கற்பிக்கும் கல்லூரியிற் பயின்ற போதகர் பலர், கிரேக்க அகராதி ஒன்றையேனும் உடன்வைத்திருப்பர். அடையாளமிட்ட மாற்குவோடு சென்று, இந்த இடத்தில் மூலச்சொல் யாது ஐயா, என்று அவரிடம் கேட்பதிலிருந்து பாடம் தொடங்கலாம்.